டாலர் முதலீட்டைக் கணக்கில் எழுதுவது எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள், கைப்பேசிச் செயலி வழியாக மாதாமாதம் கொஞ்சம் அமெரிக்கப் பங்கு வாங்கும் தருமபுரிக்காரர்கள், துபாயில் தம்பி இருக்கும் காவேரிப்பட்டினத்து வீட்டார். இந்த மூன்று தரப்பும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கிருஷ்ணகிரியில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. நான் ஆடிட்டர் இல்லை. வரி பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நானே எழுதி, தப்பு செய்து, திருத்திக் கற்றது. (எங்கள் ஊரில் லண்டன்பேட்டை என்றே ஒரு பகுதி உண்டு. பவுண்டில் கணக்கு வைத்திருப்பவர் அங்கேயிருந்து மட்டும் இதுவரை யாரும் வரவில்லை.)

என்னிடம் இருப்பது மொத்தமே 12 அமெரிக்கப் பங்கு. ரூபாய்க்கு மாற்றி ஒரு தொகையாக எழுதி வைத்தால் போதாதா?

உங்கள் வீட்டில் நகை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "எட்டு பவுன்" என்பீர்கள். இத்தனை லட்சம் என்று யாரும் சொல்வதில்லை. பவுன் எண்ணிக்கை மாறாது, நகைக்கடைப் பலகையில் விலைதான் தினம் மாறும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அடகு வைக்கும்போதோ விற்கும்போதோதான் அன்றைய விலையைப் போட்டுப் பெருக்குகிறோம்.

டாலர் முதலீட்டுக்கும் அதே கணக்குதான், பெருக்கல் மட்டும் இரண்டு தடவை. 12 பங்கு என்பது பவுன் மாதிரி. பங்கின் டாலர் விலை ஒரு பலகை, டாலரின் ரூபாய் விலை இன்னொரு பலகை. கணக்குப் புத்தகத்தில் 12 என்று எழுதுங்கள். இரண்டு பலகைகளையும் தேதி போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரூபாயாக மாற்றி ஒரே தொகையாக எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து அது எப்படி வந்தது என்று உங்களுக்கே பிடிபடாது.

எக்செல்லில் ஒரு கட்டத்தில் டாலர் ரேட்டைப் போட்டு, எல்லா வரிகளையும் அதோடு பெருக்கியிருக்கிறேன். தப்பா?

தப்புதான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, ஏனென்றால் இரண்டு வருடம் நானே அப்படித்தான் வைத்திருந்தேன். மேலே ஒரு மஞ்சள் கட்டம். அதில் 71 என்று இருந்ததை ஒரு நாள் 83 என்று மாற்றினேன். இன்றைய மதிப்பு சரியாக ஏறியது. கூடவே, பழைய வருடங்களில் நான் வாங்கிய விலையும் ஏறிவிட்டது! 71 ரூபாய்க்கு வாங்கிய டாலரை 83க்கு வாங்கியதாகத் தாள் சொன்னது. லாபம் பாதியாகக் கரைந்துபோனது. எங்கே போனது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன்.

நடந்து முடிந்த பரிவர்த்தனைக்கு அன்றைய ரேட் அந்த வரியிலேயே, வெறும் எண்ணாக உட்கார வேண்டும். மாறக்கூடிய ரேட் இன்றைய இருப்பைப் பெருக்க மட்டுமே. கூகுள் ஷீட்டில் கூகுள்ஃபைனான்ஸ் என்ற சார்பு (ஃபார்முலா) டாலர் ரேட்டைத் தானாகக் கொண்டுவரும். அதையும் இருப்புப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மென்பொருள் நல்லது?

மாதத்துக்கு இரண்டு மூன்று வரிதான் என்றால் எக்செல்லே போதும். வீட்டுக் கணக்கு, வங்கி, கடன், பங்கு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் க்னூகேஷ். இலவசம், இரட்டைப் பதிவு முறை (ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு பக்கமும் பதிவாகும்), கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். முதலீட்டின் வளர்ச்சியை மட்டும் அழகாகப் பார்க்க வேண்டும் என்றால் போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ், அதுவும் இலவசம். அது நாணய ரேட்டை ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் பட்டியலிலிருந்து எடுக்கிறது, ரூபாயும் அதில் உண்டு. கணினியோடு புழங்குகிறவர்கள் பீன்கவுன்ட், ஹெச்லெட்ஜர் போன்ற உரைக்கோப்பு முறைகளைப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் மணி என்ற மென்பொருளை 2009ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குள்ளேயே பத்துப் பதினைந்து வருடக் கணக்கு வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். எந்த மென்பொருளானாலும், உங்கள் பதிவுகளைச் சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

க்னூகேஷில் கணக்குகளை எந்த வரிசையில் திறப்பது?

பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் புரோக்கர் பெயரில் ஒரு தாய்க் கணக்கு. அதன் நாணயம் டாலர். அதன் கீழே "ரொக்கம்" என்று ஒரு டாலர் கணக்கு. பிறகு ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கணக்கு, வகை "பங்கு". பங்குக் கணக்கில் வாங்கும் விலையை எந்த நாணயத்தில் போடுவது என்பதை க்னூகேஷ் தாய்க் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். தாய்க் கணக்கு ரூபாயில் இருந்தால் அமெரிக்கப் பங்கின் விலையையும் ரூபாயில் கேட்கும். நீங்கள் 150 டாலர் என்று போடுவதை அது 150 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் மொத்தச் சொத்து தலைகீழாகிவிடும்.

டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்), கமிஷன், பிடித்த வரி இவற்றுக்கும் டாலரிலேயே வரவு, செலவுக் கணக்குகள் திறந்துவிடுங்கள். எத்தனை நாணயம் உண்டோ அத்தனை முறை திறக்க வேண்டும் என்பது எரிச்சல்தான். ஆனால் ஒரு தடவை வேலை.

பங்கு விலைகளைத் தானாக இறக்க ஃபைனான்ஸ் கோட் என்ற இணைப்பு இருக்கிறது. நாணய ரேட்டுக்கு ஆல்ஃபா வான்டேஜ் தளத்தில் ஒரு இலவசச் சாவி (ஏபிஐ கீ) வாங்கிப் போட வேண்டியிருக்கும். எனக்கு அதில் பொறுமை இல்லை. மாதக் கடைசியில் விலைப்பட்டியலைத் திறந்து, ஐந்தாறு விலைகளைக் கையாலேயே போட்டுவிடுகிறேன். பத்து நிமிடம் ஆகிறது.

வங்கியிலிருந்து டாலர் அனுப்பினேன். போன ரூபாய்க்கும் வந்த டாலருக்கும் கணக்கே ஒத்துவரவில்லை.

ஒத்துவராது, நடுவில் நான்கு கை நீள்கிறது. ஒரு உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 1,000 டாலர் அனுப்பச் சொல்கிறீர்கள். வங்கி ஒரு டாலருக்கு 86 ரூபாய் போட்டு 86,000 எடுக்கிறது. அனுப்பும் கட்டணம் 500, அதற்கு 18% ஜிஎஸ்டி 90. நாணயம் மாற்றியதற்குத் தனி ஜிஎஸ்டி: ஒரு லட்சம் வரையிலான தொகைக்கு அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதற்கு 18%. அதாவது 860க்கு 154 ரூபாய் 80 பைசா. மொத்தம் உங்கள் கணக்கிலிருந்து போனது 86,744.80. வழியில் இடைத்தரகு வங்கி 15 டாலர் எடுத்துக்கொண்டு, புரோக்கரிடம் வந்து சேர்ந்தது 985.

பலர் 86,744.80ஐ 985ஆல் வகுத்து, ரேட் 88.07 என்று போட்டுவிடுகிறார்கள். கணக்கு நேராகிவிடும், உண்மை மறைந்துவிடும். சரியான பதிவு இப்படி: ரூபாய் வங்கியில் 86,744.80 குறையும், ரூபாய் கட்டணச் செலவு 744.80; டாலர் ரொக்கம் 985; டாலர் கட்டணச் செலவு 15. ரேட் 86. க்னூகேஷ் ரேட் கேட்டு ஒரு சின்னச் சாளரம் திறக்கும்போது, ரேட்டைப் போடுவதைவிட "சேரும் தொகை" என்ற இடத்தில் டாலரை நேராகப் போடுங்கள், ரேட்டை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வருடக் கடைசியில் கட்டணக் கணக்கைத் திறந்து பார்த்தால்தான், மாதம் 100 டாலராகப் பிய்த்துப் பிய்த்து அனுப்புவது எவ்வளவு வீண் என்று உறைக்கும்.

எல்ஆர்எஸ் (இங்கே வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியில் அனுப்பியபோது வங்கி 20% பிடித்தது. அதைச் செலவில் எழுதலாமா?

வேண்டாம். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20% டிசிஎஸ் பிடிப்பார்கள். அது முன்கூட்டிக் கட்டிய வரி. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும். அதனால் சொத்துப் பக்கத்தில் "வரவேண்டிய வரி" என்று எழுதுங்கள்.

எத்தனை விதமான ரேட்? வங்கி ஒன்று சொல்கிறது, கூகுள் ஒன்று சொல்கிறது, ஆடிட்டர் இன்னொன்று கேட்கிறார்.

மூன்றும் சரி. மூன்றுக்கும் வேலை வேறு.

முதலாவது, நடந்த ரேட். வங்கி உங்களிடம் உண்மையில் வாங்கிய விலை. பரிவர்த்தனை வரியில் இது மட்டுமே வர வேண்டும்.

இரண்டாவது, மதிப்புப் பார்க்கும் ரேட். இன்று என் சொத்து எவ்வளவு என்று அறிய. கூகுளோ, எஃப்பிஐஎல் என்ற அமைப்பு வெளியிடும் குறிப்பு ரேட்டோ, எதுவானாலும் சரி, எப்போதும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். (ரிசர்வ் வங்கி தானே வெளியிட்டுவந்த குறிப்பு ரேட்டை 2018 முதல் அந்த அமைப்புதான் கணக்கிடுகிறது.) இதில் பத்துப் பைசா வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, வரிக்கான ரேட். இது ஸ்டேட் வங்கியின் டிடி பையிங் ரேட் (டிடி என்பது இங்கே டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் இல்லை; வங்கி நம்மிடம் டாலர் வாங்கும் விலை). 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 115ஆம் விதி சொல்வது இது: டிவிடெண்ட், மூலதன லாபம் போன்றவற்றுக்கு, அவை வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ரேட். அதாவது செப்டம்பர் 18ல் விற்றால் ஆகஸ்ட் 31ன் ரேட். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் விதி எண்ணை மட்டும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றாவதைக் கணக்கு மென்பொருளுக்குள் திணிக்காதீர்கள். தனித் தாளில் மாதக் கடைசி ரேட் என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு வரி. ஸ்டேட் வங்கி ரேட் அட்டையைத் தினமும் புதிதாக வெளியிடுகிறது, பழையதைப் பின்னால் தேடி எடுப்பது பெரும்பாடு. மாதக் கடைசியன்று அந்தப் பக்கத்தை இறக்கிச் சேமித்துவிடுங்கள்.

ரூபாயில் பார்த்தால் 32% லாபம், டாலரில் பார்த்தால் 10%தான். எது நிஜம்?

இரண்டும் நிஜம். 10 பங்கு, ஒன்று 40 டாலர், அப்போது டாலர் 75 ரூபாய். போட்டது 400 டாலர், 30,000 ரூபாய். இப்போது பங்கு 44 டாலர், டாலர் 90 ரூபாய். மதிப்பு 440 டாலர், 39,600 ரூபாய். ரூபாய் லாபம் 9,600.

இதைப் பிரியுங்கள். பங்கு ஏறியதால் 40 டாலர். பழைய ரேட்டில் 3,000 ரூபாய். ரூபாய் இறங்கியதால், போட்ட 400 டாலருக்குத் தலா 15 ரூபாய் வீதம் 6,000. மிச்சம் 600, லாபமாக வந்த 40 டாலரும் சேர்ந்து ஏறியதால் வந்தது. ஆக, பங்கைத் தேர்ந்தெடுத்த உங்கள் சாமர்த்தியத்துக்கு மூவாயிரம். மற்றதெல்லாம் ரூபாய் சரிந்ததன் புண்ணியம். "நான் பிடித்த பங்கு 32% ஏறியது" என்று டீக்கடையில் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு முறை போடுங்கள். ரூபாய் அதே இடத்தில் நின்றிருந்தால் சாதாரண வைப்பு நிதியோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

"இம்பேலன்ஸ்-யுஎஸ்டி" என்று ஒரு கணக்கு தானாக முளைத்திருக்கிறது. யார் திறந்தது?

க்னூகேஷ்தான். ஏதோ ஒரு பதிவில் இரண்டு பக்கமும் சமப்படவில்லை என்று அர்த்தம். அதைத் திறந்து, ஒவ்வொரு வரியாகச் சரியான கணக்குக்கு நகர்த்துங்கள். அழித்துவிட்டால் நோய் போகாது.

பல நாணயம் புழங்கும் கோப்பில் "டிரேடிங் அக்கவுன்ட்ஸ்" என்ற வசதியைக் கோப்புப் பண்புகளில் இயக்கிக்கொள்ளலாம். ரூபாய் தனியாக, டாலர் தனியாக, பங்கு தனியாகச் சமப்படும்படி இடைக் கணக்குகளை அதுவே போட்டுக்கொள்ளும். நாணய ஏற்ற இறக்கம் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும். ஓரிரு டாலர் கணக்குதான் என்றால் இது இல்லாமலே ஓட்டலாம்.

கம்பெனி கொடுத்த ஆர்எஸ்யு (வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளத்தோடு தரும்) பங்குகளை எப்படி எழுதுவது? இலவசமாக வந்ததுதானே, வாங்கிய விலை பூஜ்யம்தானே?

இல்லவே இல்லை. ஓசூர் நண்பர்களிடம் நான் பார்க்கும் தவறுகளிலேயே அதிகக் காசு கரைவது இதில்தான். பங்கு உங்கள் கைக்கு வரும் நாளில் அதன் மதிப்பு முழுவதும் சம்பளமாகக் கணக்கிட்டு வரி பிடித்துவிடுகிறார்கள். ஆகவே அந்த நாள் மதிப்புதான் நீங்கள் வாங்கிய விலை.

20 பங்கு வந்தது, ஒன்று 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரிக்காக 7 பங்கை விற்றுவிட்டு 13ஐத் தருகிறார்கள். பதிவில் 13 என்று எழுதி முடித்துவிடாதீர்கள். சம்பள வரவு 1,000 டாலர். பங்குக் கணக்கில் 20 சேரும். உடனே 7 கழியும், 350 டாலர் வருமான வரிச் செலவு. மிஞ்சிய 13ன் அடக்க விலை 650 டாலர். பின்னாளில் 60 டாலருக்கு விற்றால் லாபம் 130 டாலர். பூஜ்யம் என்று போட்டிருந்தால் 780 டாலரும் லாபமாகத் தெரியும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள்.

இந்த லாபத்தை ரூபாயாக்குவதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு வழக்கம் உண்டு. டாலரில் லாபம் கண்டு விற்ற ரேட்டில் மாற்றுவது ஒன்று. வாங்கியதை வாங்கிய ரேட்டிலும் விற்றதை விற்ற ரேட்டிலும் மாற்றிக் கழிப்பது இன்னொன்று. உங்கள் வேலை, இரண்டு தேதி ரேட்டையும் எழுதி வைத்திருப்பது. அப்புறம் அவர் எப்படிக் கேட்டாலும் கொடுக்கலாம். 24 மாதம் தாண்டிய பங்குக்கு 12.5% வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்கின்படி வரி என்பதால், எந்தத் தொகுதி எந்தத் தேதியில் வந்தது என்பதையும் கலக்காமல் வைத்திருங்கள்.

டிவிடெண்ட் 7.50 டாலர் வந்தது. அப்படியே எழுதலாமா?

வந்தது 10 டாலர். இந்தியாவில் வசிப்பவருக்கு அமெரிக்கா 25% பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. வரவு 10, பிடித்த வரி 2.50, ரொக்கம் 7.50 என்று மூன்று வரியாக எழுதுங்கள். அங்கே பிடித்த வரியை இங்கே கழிக்கும் படிவத்தில் (பழைய எண் 67) இந்த 2.50தான் தேவைப்படும்.

பங்கைப் பிரித்தார்கள். ஒரே நாளில் விலை பத்தில் ஒன்றாகிவிட்டதே?

2024 ஜூனில் என்விடியா ஒன்றைப் பத்தாக்கியபோது எனக்கும் இரண்டு பேர் பதறிப்போய் அழைத்தார்கள். எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கும் ஒரு பதிவு போடுங்கள், க்னூகேஷில் அதற்கென்று தனி உதவிச் சாளரமே உண்டு. மொத்த அடக்க விலை மாறாது.

விற்றது எந்தத் தேதி? எனக்கு இரவு ஒன்றரை மணிக்குத்தான் செய்தி வந்தது.

நியூயார்க் சந்தை அங்கே மாலை 4 மணிக்கு மூடுகிறது. நமக்கு அது கோடையில் நள்ளிரவு 1.30, குளிர்காலத்தில் 2.30. புரோக்கர் ஸ்டேட்மென்டில் உள்ள தேதியையே போடுங்கள். கைப்பேசியில் செய்தி வந்த தேதியைப் போட்டால் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகஸ்ட் 31 என்பது செப்டம்பர் 1 ஆனால் வரிக்கான ரேட்டே வேறு.

தம்பி துபாயில் இருக்கிறான். திர்ஹாமுக்குத் தனி ரேட் பார்க்க வேண்டுமா?

பார்க்கலாம், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியாது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். சவூதி ரியாலும் அப்படித்தான், 3.75. டாலர் ரேட்டை வகுத்துக்கொண்டாலே போதும். திர்ஹாமும் டாலரும் கையில் இருப்பதால் பணத்தைப் பரப்பி வைத்திருக்கிறேன் என்று தம்பி சொன்னால், அது ஒரே கூடைதான் என்று சொல்லுங்கள்.

அவன் என்ஆர்இ வைப்பில் (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) போட்ட பணம் போட்ட நாளிலிருந்தே ரூபாய். அவர்களுக்கான இன்னொரு வகையான எஃப்சிஎன்ஆர் வைப்பு அப்படியில்லை. ஒன்று முதல் ஐந்து வருடம் வரை டாலர் போன்ற அந்நிய நாணயமாகவே இருக்கும், எழுதுவதும் அப்படியே. தம்பி பணத்தை உங்கள் கோப்பில் கலக்காமல் அவனுக்குத் தனிக் கோப்பு வையுங்கள். இதைச் சொல்லாமல் விட்ட ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் வந்த மனத்தாங்கலை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் பங்குகளில் போடும் இந்திய மியூச்சுவல் ஃபண்டும் டாலர் முதலீடா?

கணக்குக்கு இல்லை. யூனிட் விலை ரூபாயில் வருகிறது, ரூபாயிலேயே எழுதுங்கள்.

ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் பகுதி) நிரப்ப மென்பொருள் உதவுமா?

உதவும், ஆனால் நேராக அச்சடித்துத் தராது. அந்தப் பகுதி கேட்பது நிதியாண்டை இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. அறிக்கையின் தேதியை மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். ஆரம்ப மதிப்பு, வருடத்தின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு மூன்றும் வேண்டும். அந்தந்தத் தேதியின் டிடி பையிங் ரேட்டில். முந்தைய மாதக் கடைசி ரேட் இங்கே கிடையாது, குழப்பிக்கொள்ள வேண்டாம். உச்ச மதிப்புக்கு அந்த வருடத்தின் தினசரி விலைகளை இறக்கி, இருப்பு எண்ணிக்கையோடு பெருக்கி, அதிகமானதை எடுங்கள்.

காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமுண்டு. 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம்தான் இல்லை, இரண்டே பங்கு வைத்திருந்தாலும் காட்டியே ஆக வேண்டும்.

2021 முதல் வாங்குகிறேன், ஒன்றையும் எழுதவில்லை. இப்போது எங்கே தொடங்குவது?

புரோக்கர் தளத்திலிருந்து எல்லா வருட ஸ்டேட்மென்டையும் இறக்குங்கள். இன்றைய எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு, பின்னோக்கிப் போகாதீர்கள். முதல் பரிவர்த்தனையிலிருந்து முன்னோக்கி வாருங்கள். ஒரு வருடம் முடிந்ததும் டிசம்பர் 31 எண்ணிக்கையை ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுங்கள், மதிப்பை வேண்டாம், எண்ணிக்கையை மட்டும். 12.0371 என்று அங்கே இருந்தால் இங்கேயும் 12.0371 இருக்க வேண்டும்; அந்த 0.0371தான் டிவிடெண்டில் தானாக வாங்கிய துண்டு, பெரும்பாலும் அதைத்தான் விட்டிருப்பீர்கள். எண்ணிக்கை ஒத்துவந்த பிறகே அடுத்த வருடத்துக்குப் போங்கள். போன மாதம் பாலக்கோட்டிலிருந்து வந்த ஒருவருக்கு நான்கு வருடக் கணக்கை இப்படி இரண்டு சனிக்கிழமை மாலைகளில் முடித்தோம். விட்டுப்போயிருந்தது மொத்தம் பதினொரு டிவிடெண்ட் வரி, ஒரு பங்குப் பிரிப்பு.